ஆண்டு பாலிசியா, ஒற்றைப் பயண பாலிசியா? அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்தியாவில் வசித்துக்கொண்டு, தொழிலுக்காகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ ஊர் சுற்றவோ வெளிநாடு போய்வருகிறவர்களுக்காக, பயணக் காப்பீடு பற்றி எழுதியது இது. நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விளம்பரத் தாளில் இருப்பதை விட, கையில் வரும் பாலிசிப் பத்திரத்தில் இருப்பதுதான் செல்லும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ஒற்றைப் பயண பாலிசி ஒருமுறை போய்வருவதற்கு மட்டும். புறப்படும் தேதி, திரும்பும் தேதி, போகும் நாடு எல்லாவற்றையும் சொல்லி வாங்க வேண்டும். ஊர் திரும்பியதும் அதன் வேலை முடிந்தது.

ஆண்டு பாலிசியை ஏஜென்ட்டுகள் 'மல்டி ட்ரிப்' என்பார்கள். ஓராண்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். ஆனால் ஒவ்வொரு பயணமும் குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிய வேண்டும். 30, 45, 60 என்று திட்டத்தைப் பொறுத்து அந்த வரம்பு மாறும். 'ஆண்டு' என்ற சொல்லைக் கேட்டு, ஆண்டு முழுவதும் வெளிநாட்டில் தங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே 'ஒரு பயணத்துக்கு அதிகபட்ச நாட்கள்' என்று ஒரு வரி இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பு படிக்க வேண்டிய முதல் வரி அதுதான்.

ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் போனால் ஆண்டு பாலிசிதான் லாபம் என்கிறார்களே?

சொல்வதற்கு எளிதாக இருப்பதால் பரவிவிட்ட கணக்கு. எத்தனை முறை போகிறீர்கள் என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். உங்கள் பயணங்களிலேயே நீளமானது எத்தனை நாள் என்பது முதல் கேள்வி. அமெரிக்காவோ கனடாவோ பட்டியலில் உண்டா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிப் பேருக்கு மூன்றாவது கேள்வியே தேவைப்படாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவுக்கு ஒரு வாரப் பயண பாலிசி 1,000 ரூபாய், அமெரிக்காவுக்குப் பத்து நாள் பாலிசி 2,000 ரூபாய். அமெரிக்கா சேராத ஆண்டு பாலிசி 4,500, சேர்ந்தது 5,500. ஐரோப்பாவுக்கு மட்டும் மூன்று முறை போகிறவருக்குத் தனித்தனியாக வாங்கினால் 3,000தான் ஆகும். ஆண்டு பாலிசி அவருக்கு நஷ்டம். அமெரிக்காவுக்கு இரண்டு முறையும் ஐரோப்பாவுக்கு இரண்டு முறையும் போகிறவருக்குத் தனித்தனியாக 6,000 ஆகிறது. அவருக்கு ஆண்டு பாலிசி லாபம். முதலாமவரை விட இவர் ஒரே ஒரு முறைதான் கூடுதலாகப் போகிறார். விடையைப் புரட்டிப்போட்டது அமெரிக்கா. அந்நாட்டு மருத்துவச் செலவு அப்படி. அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் உலகத்தை 'அமெரிக்கா, கனடா உட்பட', 'அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

உங்கள் சொந்தக் கணக்கை இதே முறையில் போட்டுப் பாருங்கள். கடந்த ஓராண்டின் டிக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒற்றைப் பயண விலை என்ன என்று பார்த்துக் கூட்டினால் அரை மணி நேர வேலை.

அப்படியானால் ஆண்டு பாலிசி யாருக்குத்தான் பொருந்தும்?

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஏற்றுமதியாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மிலான் நகரின் 'லினியாபெல்லே' தோல் கண்காட்சி பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. இடையில் ஹாங்காங். போதாததற்கு, அனுப்பிய சரக்கில் நிறம் ஒத்துவரவில்லை என்று ஏதோ ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டால் நான்கு நாளில் விமானம் ஏற வேண்டும். கரூரின் வீட்டு உபயோகத் துணி உற்பத்தியாளர்கள் ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் 'ஹைம்டெக்ஸ்டில்' கண்காட்சிக்குப் போகிறார்கள். அமெரிக்க வாடிக்கையாளர் இருந்தால் நியூயார்க்கும் சேரும். ஒவ்வொரு பயணமும் ஒரு வாரம், பத்து நாள். இவர்களுக்காகவே தைத்த சட்டை மாதிரி ஆண்டு பாலிசி பொருந்தும்.

பணக் கணக்கை விட இங்கே எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. திட்டமிட்ட பயணத்துக்கு யாரும் பாலிசி வாங்க மறப்பதில்லை. விசா விண்ணப்பமே நினைவுபடுத்திவிடும். கையில் பல ஆண்டு விசா இருக்கும்போது, வியாழக்கிழமை முடிவெடுத்துச் சனிக்கிழமை கிளம்பும் பயணத்தில்தான் மறந்துவிடுகிறோம். அந்தப் பயணத்துக்கும் காப்பு தானாகவே இருக்கிறது என்பதற்காகச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

நான் சிங்கப்பூர், கொழும்பு, கோலாலம்பூர் மட்டும்தான் போகிறேன். மாதம் ஒருமுறை கூடப் போவேன்.

பயணங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் ஆண்டு பாலிசிக்கு நீங்கள்தான் முதல் ஆள் என்று தோன்றும். ஆனால் பல நிறுவனங்கள் ஆண்டு பாலிசியை மேலே சொன்ன இரண்டு உலகப் பிரிவுகளில் மட்டுமே விற்கின்றன. ஆசியாவுக்கு மட்டும் என்ற மலிவான பிரிவு ஒற்றைப் பயண பாலிசியில்தான் இருக்கும். மூன்று நாள் கொழும்புப் பயணத்துக்கு ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்துப் பணம் கட்டுவது வீண். ஒற்றைப் பயண விலை நாள் கணக்கில் இல்லாமல் படிப்படியாக, உதாரணமாக 1 முதல் 4 நாள், 5 முதல் 7 நாள் என்று, இருக்கும் என்பதையும் கவனியுங்கள். ஐந்தாம் நாள் திரும்பினால் ஏழு நாள் விலைதான்.

மாதம் ஒருமுறை என்பது உண்மையிலேயே பன்னிரண்டு முறை ஆகிறதென்றால் ஆண்டு பாலிசி வென்றுவிடலாம். ஆறுக்குக் கீழே என்றால் கூட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

மகள் பிரசவத்துக்காக ஐந்து மாதம் அமெரிக்கா போகிறோம். ஆண்டு பாலிசி எடுக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லும் பதில் இது ஒன்றுதான். சுற்றுலா விசாவில் போகும் பெற்றோருக்கு அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி தருகிறார்கள். ஆண்டு பாலிசியின் ஒரு பயண வரம்போ 30 அல்லது 60 நாளில் முடிந்துவிடும். குழந்தை பிறந்து பெயர் வைப்பதற்குள் காப்பு தீர்ந்துபோகும். தங்கும் காலம் முழுவதற்கும் ஒற்றைப் பயண பாலிசி எடுப்பதே சரி. தங்குவது நீளலாம் என்றால் நீட்டிப்புக்கு இடம் தரும் திட்டத்தைத் தேடுங்கள். நீட்டிப்பை, இருக்கும் பாலிசி முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும்; உடல்நலம் குறித்த உறுதிமொழியும் கேட்பார்கள். காலாவதியான மறுநாள் கேட்டால் கதவு சாத்தியிருக்கும்.

பெற்றோர் விஷயத்தில் நாட்களை விடப் பெரிய சிக்கல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும். நம் ஊர் பயண பாலிசிகள் பெரும்பாலும் முன்பே இருந்த நோய்களுக்கான சிகிச்சையை விலக்கி வைக்கின்றன. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டும், ஒரு உச்சவரம்புக்குள், சில திட்டங்கள் கைகொடுக்கும். அமெரிக்காவிலேயே பிள்ளைகள் வாங்கித் தரக்கூடிய, வெளிநாட்டு விருந்தினர்களுக்கான பாலிசிகளும் இருக்கின்றன. அவற்றில் சில, பழைய நோய் எதிர்பாராமல் திடீரென்று தீவிரமடைந்தால் மட்டும் செலவை ஏற்கும். வழக்கமான மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் தராது. விலை கூடுதல். ஆனால் அங்குள்ள மருத்துவமனைகளோடு நேரடித் தொடர்பு இருப்பதால் பில்லைக் கையாள்வது எளிது. அறுபத்தைந்தைத் தாண்டிய, மருந்து சாப்பிடும் பெற்றோருக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த ஊரில் வாங்கினாலும் நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் பிரீமியம் குறையும். பிறகு மருத்துவமனை கேட்கும் முதல் கேள்வியிலேயே அது வெளிவந்துவிடும். "எத்தனை வருடமாகச் சர்க்கரை?" என்று டாக்டர் கேட்பார், அம்மா உண்மையைச் சொல்வார், அது மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும்.

ஆண்டு பாலிசி இருக்கிறது. ஆனால் ஒரு பயணம் மட்டும் 50 நாள். வரம்பு 30. மிச்ச 20 நாளுக்குத் தனியாக வாங்கலாமா?

பெரும்பாலும் முடியாது. இந்திய பயண பாலிசி இந்தியாவில் தொடங்கி இந்தியாவில் முடிய வேண்டும் என்பதே பொதுவான விதி. முப்பத்தோராம் நாள் நீங்கள் லண்டனில் இருப்பீர்கள். அங்கிருந்து தொடங்கும் பாலிசியை இங்குள்ள நிறுவனம் தராது. அந்த 50 நாளுக்கும் சேர்த்து ஊரிலிருந்தே தனி ஒற்றைப் பயண பாலிசி வாங்குங்கள். ஆண்டு பாலிசியை மற்றப் பயணங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்காமல் போனால் என்ன ஆகும்? சில பாலிசிகளில் முதல் 30 நாளுக்குக் காப்பு உண்டு, பிறகு இல்லை. வேறு சிலவற்றில், வரம்பைத் தாண்டும் பயணமே கணக்கில் வராது. ஐந்தாம் நாள் கால் உடைந்தாலும் கிடைக்காது. உங்களுடையது எந்த வகை என்பதை வாங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் 'ஆமாம் சார்' எதற்கும் உதவாது.

ஷெங்கன் விசாவுக்கு ஆண்டு பாலிசியை ஏற்பார்களா?

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் ஏற்பார்கள். ஐரோப்பிய விசா விதித்தொகுப்பின்படி, காப்பு குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். அவசர மருத்துவம், மருத்துவமனைச் சிகிச்சை, உடலை அல்லது நோயாளியைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவு ஆகியவை அடங்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்ல வேண்டும். 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபின் அந்த நாடுகள் 29.

பலமுறை போய்வரும் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஐந்தாண்டு விசா கேட்டால் ஐந்தாண்டுக்குக் காப்பீடு வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். வேண்டாம். முதல் பயணத்தின் நாட்களுக்குக் காப்பீடு காட்டினால் போதும். அடுத்த பயணங்களுக்கும் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது தனக்குத் தெரியும் என்று விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போட்டதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விசா கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டாவது பயணத்துக்குக் காப்பீடே இல்லாமல் கிளம்புகிறார்கள். எல்லையில் அதிகாரி கேட்கலாம்.

2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கு ஒரு சலுகை அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசா பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டாண்டு விசா. அதன் பிறகு, பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், ஐந்தாண்டு விசா. இப்படிப்பட்ட விசா வைத்திருந்து, ஆண்டுக்குச் சில முறை குறுகிய பயணம் போகிறவர்களுக்கு ஆண்டு பாலிசி வசதியாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாலிசிச் சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்தை விரித்து எழுதுவதா, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவதா என்ற குழப்பம் தீராத ஒன்று. விசா மையத்தின் கவுன்ட்டரில் நின்றுகொண்டு அதைத் திருத்த வேண்டிய நிலை வரக்கூடாது. 40 நாள் பயணத் திட்டத்தைக் கொடுத்துவிட்டு, 30 நாள் வரம்புள்ள ஆண்டு பாலிசியை இணைத்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.

எப்போது வாங்க வேண்டும்?

ஒற்றைப் பயண பாலிசியைப் புறப்படும் முந்தின நாள் வாங்குவது நம் வழக்கம். மருத்துவக் காப்புக்கு அது போதும். ஆனால் பாலிசியில் பயண ரத்துக் காப்பு இருந்தால், அது பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே வேலை செய்யத் தொடங்கும். டிக்கெட் போட்ட அன்றே வாங்கினால், இரண்டு மாதம் கழித்துக் கிளம்பும் முன் அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் ஹோட்டல், டிக்கெட் பணத்தைக் கேட்கலாம். முந்தின நாள் வாங்கினால் அந்தக் காப்புக்குக் கொடுத்த பணம் வீண்.

ஆண்டு பாலிசியில் இது தலைகீழாகப் போகும். பணத்தை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்று தொடக்கத் தேதியை முதல் பயணத்தின் நாளிலேயே வைப்பார்கள். தொடக்கத் தேதிக்கு முன்பு எந்தக் காப்பும் இல்லை. எனவே முதல் பயணம் ரத்தானால் ஒன்றும் கிடைக்காது. ஆண்டு பாலிசிகள் சிலவற்றில் பயண ரத்துக் காப்பே இருக்காது, அல்லது தொகை சிறியதாக இருக்கும். லட்சக்கணக்கில் முன்பணம் கட்டிய குடும்பச் சுற்றுலாவுக்கு, ஆண்டு பாலிசி கையில் இருந்தாலும், நல்ல ரத்துக் காப்புள்ள ஒற்றைப் பயண பாலிசி ஒன்றைத் தனியாக எடுப்பது அதிகப்படியான செயல் அல்ல.

நள்ளிரவு விமானத்துக்கு எந்தத் தேதி போடுவது?

சின்னக் கேள்விதான், ஆனால் சென்னைக்காரர்களுக்கு அவசியமானது. இங்கிருந்து ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 12ஆம் தேதி அதிகாலை 1.50 என்று இருந்தால், நீங்கள் மீனம்பாக்கத்தில் பெட்டியை ஒப்படைப்பது 11ஆம் தேதி இரவு. பாலிசியை 11ஆம் தேதியிலிருந்து வாங்குங்கள். திரும்பும் பக்கமும் அப்படியே: அங்கே 20ஆம் தேதி மாலை ஏறினால் இங்கே 21ஆம் தேதி இறங்குவீர்கள். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆண்டு பாலிசியில் இந்தத் தொல்லை இல்லை. அதன் ஓசைப்படாத நன்மைகளில் இதுவும் ஒன்று.

பயணத்தின் நடுவில் ஆண்டு பாலிசியின் காலம் முடிந்தால்?

முடிந்த நள்ளிரவோடு காப்பும் முடிந்தது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. விமானம் தாமதமானால் சில நாள் தானாக நீட்டிக்கும் பாலிசிகள் உண்டு. தேதியை நாம் கவனிக்காமல் விட்டதற்கு அந்தச் சலுகை கிடையாது. கிளம்புவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். புதிய பாலிசி அந்தப் பயணத்தை இடைவெளியில்லாமல் தொடர்ந்து ஏற்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஏற்காது என்றால், அந்தப் பயணத்துக்கு மட்டும் ஒற்றைப் பயண பாலிசி.

ஆண்டின் நடுவில் எனக்குப் புதிதாக ஒரு நோய் தெரியவந்தால்?

பாலிசி எடுத்த நாளில் இல்லாத நோய் அது. ஆனாலும் அடுத்த பயணத்துக்கு முன்பே கண்டறியப்பட்டிருக்கிறது. இதை எப்படிப் பார்ப்பது என்பதில் பாலிசிக்குப் பாலிசி வேறுபாடு உண்டு: சில, பாலிசி தொடங்கிய தேதியை வைத்து 'முன்பே இருந்த நோய்' என்று தீர்மானிக்கும்; சில, ஒவ்வொரு பயணத்தின் புறப்பாட்டையும் தனியாகப் பார்க்கும். இரண்டாவது வகையில், ஜனவரியில் வாங்கிய ஆண்டு பாலிசி ஜூன் மாதம் வைத்த ஸ்டென்டுக்குப் பிறகு பாதி பயனற்றதாகிவிடும். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் 'பயணம் செய்யலாம்' என்று எழுதி வாங்காமல் ஏறாதீர்கள்.

ஒருமுறை இழப்பீடு வாங்கிவிட்டால் மிச்ச ஆண்டுக்குக் காப்பு குறையுமா?

குறையலாம். காப்புத் தொகை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கணக்கிடப்படுகிறதா, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகையா என்று பாருங்கள். பிந்தையது என்றால், மார்ச்சில் பாதி செலவாகிவிட்டால் அக்டோபர் பயணத்துக்கு மிச்சம் பாதிதான். ஒற்றைப் பயண பாலிசியில் இந்தக் கேள்வியே எழாது.

குடும்பத்தோடு போனால்?

ஆண்டு பாலிசி பெரும்பாலும் தனி ஆளுக்கானது. உங்களுக்கு இருப்பதால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். கோடை விடுமுறைக்கு மட்டும் குடும்பம் வருகிறது என்றால் அவர்களுக்கு அந்தப் பயணத்துக்கான பாலிசி போதும்.

கிரெடிட் கார்டோடு இலவசக் காப்பீடு வருகிறதே? அலுவலகமும் தருகிறதே?

கார்டுக் காப்பீட்டில் பெரிதாக அச்சிடப்படும் தொகை பெரும்பாலும் விமான விபத்து மரணத்துக்கானது. அதற்கும் டிக்கெட்டை அந்தக் கார்டிலேயே வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள். வயிற்றுவலியோடு இரவில் மருத்துவமனைக்கு ஓடும்போது அது உதவாது. அலுவலகப் பாலிசி நல்லதுதான். ஆனால் வேலை முடிந்து நான்கு நாள் விடுப்பெடுத்து ஊர் சுற்றினால் அந்த நாட்களுக்கும் செல்லுமா என்று மனிதவளப் பிரிவில் கேட்டு வையுங்கள். நம் உள்நாட்டு மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்குத்தான்.

பெட்டி வரவில்லை. என்ன செய்ய வேண்டும்?

விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெட்டி வரும் பட்டையின் பக்கத்திலேயே விமான நிறுவனத்தின் கவுன்ட்டர் இருக்கும். அங்கே 'பி.ஐ.ஆர்.' எனப்படும் புகார்ப் படிவத்தை எழுதி, எண்ணோடு நகல் வாங்குங்கள். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிக் கொடுத்த சின்னச் சீட்டைக் கேட்பார்கள். அதைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். இந்தப் படிவம் இல்லாமல் காப்பீட்டு நிறுவனத்திடம் போனால் பேச்சே எடுபடாது. பெட்டி உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும் என்கிறது, சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியால் உடன்படிக்கை. அதன்படி விமான நிறுவனத்தின் பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). முதலில் விமான நிறுவனத்திடம் கேளுங்கள், போதாததற்குக் காப்பீடு.

இதில் ஆண்டு, ஒற்றை என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. 'தாமதம்' என்றால் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு என்பது மட்டும் திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

ஆண்டு பாலிசிக்காரர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். ஒவ்வொரு பயணமும் எப்போது தொடங்கியது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பாலிசியில் அந்தத் தேதி இருக்காது. பல நாடுகளில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதே குறைந்துவருகிறது. ஷெங்கன் எல்லையில் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் மின்னணுப் பதிவு கட்டம்கட்டமாக வரத் தொடங்கியது. போர்டிங் பாஸைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போர் வந்து விமானம் நின்றுபோனால்?

2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியபோது தோஹா வழியாகப் போகிறவர்கள் பலர் பாதியில் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலான பயண பாலிசிகளில் போரும் அதன் விளைவுகளும் விலக்குப் பட்டியலில் உள்ளன. செய்தி வெளிவந்தபின் வாங்கும் பாலிசியும், ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று கைவிரிக்கும். டிக்கெட் பணத்தை விமான நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

முக்திநாத் யாத்திரைக்கு ஆண்டு பாலிசி செல்லுமா?

வைணவர்கள் திருச்சாளக்கிராமம் என்று போற்றும் முக்திநாத் நேபாளத்தில் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆபத்து இரண்டு: உயரத்தால் வரும் மூச்சுத் திணறல், அங்கே போகும் வழியிலுள்ள ஜோம்சோம் ஊருக்கான, காற்றால் ரத்தாகும் விமானம். ஹெலிகாப்டரில் மீட்டுவரும் செலவைப் பாலிசி ஏற்குமா, உயரத்துக்கு ஏதேனும் வரம்பு உண்டா என்று பாருங்கள். ஐரோப்பியத் தொழில் பயணத்தை மனதில் வைத்து எடுத்த ஆண்டு பாலிசியில் இதற்கு இடம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இன்னொன்று: நேபாளத்துக்கு வாக்காளர் அட்டையோடு போகலாம், ஆனால் காப்பீட்டு விண்ணப்பத்தில் பெரும்பாலும் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். யாத்திரைக் குழுவில் பாஸ்போர்ட் இல்லாத பெரியவர்கள் இருந்தால் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

உள்நாட்டுப் பயணத்துக்கும் இந்த பாலிசி உதவுமா?

உதவாது, அதற்குத் தனித் திட்டங்கள் உள்ளன. ரயிலில் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு செய்யும்போது 45 பைசாவுக்கு வரும் விபத்துக் காப்பீட்டை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். டிக்கெட் போட்டபின் வரும் மின்னஞ்சலில் வாரிசுதாரர் பெயரை நிரப்பத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை.

நான் துபாயில் வேலை செய்கிறேன். சென்னை நிறுவனத்தில் வாங்கலாமா?

வசிக்கும் நாட்டில் வாங்குங்கள். இங்குள்ள பாலிசிகள் இந்தியாவிலிருந்து கிளம்பி இந்தியா திரும்புகிறவர்களுக்கானவை. சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு அங்குள்ள ஆண்டு பாலிசிகளில் ஒரு பயணத்துக்கு 90 நாள் வரை கிடைப்பது வழக்கம். ஆசியாவுக்கு மட்டும் என்ற பிரிவும் உண்டு. இந்தியக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

விசா கிடைக்கவில்லை. பணம் திரும்புமா?

ஒற்றைப் பயண பாலிசியைத் தொடக்கத் தேதிக்கு முன் ரத்து செய்தால், சிறு கட்டணம் போக மீதியைப் பொதுவாகத் திருப்பித் தருவார்கள்; மறுப்புக் கடிதத்தைக் கேட்கலாம். ஆண்டு பாலிசியில் ஒரு பயணம் போய்வந்துவிட்டால் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

இழப்பீடு தர மறுத்தால் எங்கே போவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார். மறுத்தாலோ, ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இழப்பீட்டு வரம்பு 50 லட்சம் ரூபாய். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' என்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

மனுவோடு மறுப்புக் கடிதம், பாலிசிப் பத்திரம், மருத்துவமனையின் மூல ரசீதுகள், டாக்டரின் குறிப்பு, போர்டிங் பாஸ், முன்பு எழுதி வாங்கிய மின்னஞ்சல் பதில்கள் ஆகியவற்றை வையுங்கள். ரசீது ஜெர்மன் மொழியிலோ இத்தாலிய மொழியிலோ இருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியபின் அந்த மருத்துவமனையைத் தொலைபேசியில் பிடிப்பது லேசில் நடக்காது.